ஒரு கப் காபியும் சில நன்றிகளும்

2007-ல் ஈராக்கில் சாலையோரக் குண்டு வெடித்துத் தலையில் அடிபட்டுத் திரும்பிய என் மகன், போன வாரம் தானே காபி போட்டுக் குடித்தான். பாலைப் பொங்கவிட்டான்தான். இருந்தாலும் அவன் போட்ட காபி. எங்களைத் தாங்கியவர்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

சியாட்டில் வி.ஏ. (அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை) மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அம்மாவுக்கு முதல் வணக்கம். 2011 மே மாதம், காயம்பட்ட படைவீரர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு உதவும் குடும்பப் பராமரிப்பாளர் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர் அவர்தான். "பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்கு எதற்குக் காசு?" என்று சீறினேன். உதவித்தொகை மட்டும் இல்லை, பயிற்சி உண்டு, நீங்கள் ஓய்வெடுக்க வருஷத்தில் 30 நாளாவது மாற்று ஏற்பாடு உண்டு என்றார். 30 நாள் என்று கேட்டதும் அழுதுவிட்டேன். அதற்கப்புறம் என் விண்ணப்பம் யாரோ ஒருவர் மேசையில் சில மாதம் தூங்கியது. அது வேறு கதை.

அடுத்து, வாராவாரம் மகனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் தன்னார்வ ஓட்டுநர் ஐயா. வியட்நாமில் அடிபட்ட தன் அண்ணனை அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார் என்று ஒருநாள் சொன்னார். திட்டத்தைப் பற்றிச் சொல்லலாமே என்று நான் ஆரம்பித்தால், அது அப்போது 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அடிபட்டவர்களுக்கு மட்டும்தானாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதனால்தான் அடுத்த நன்றி எங்கள் வாஷிங்டன் மாநிலச் செனட்டர் பேட்டி மரேவுக்கு. அரசியல்வாதிக்கு நன்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாகுபாட்டை நீக்கச் சொல்லி, எதிர்க்கட்சியின் சூசன் காலின்ஸையும் சேர்த்துக்கொண்டு மசோதா கொண்டுவந்தவர் அவர். 2018-ல் சட்டம் வந்தது. 2020 அக்டோபரில் வியட்நாம் காலத்தவர்களுக்கும் கதவு திறந்தது. ஓட்டுநர் ஐயாவின் அண்ணி விண்ணப்பித்தார்.

நோயாளி இருக்கும் வீடு மரேவுக்குப் புதிதில்லை. பாத்தெல் ஊரில் சில்லறைச் சாமான் கடையைக் கவனித்துவந்த அவர் அப்பா, இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து அவர் முடங்கியபோது வீட்டில் ஏழு பிள்ளைகள். சில மாதம் அரசு உதவியில் அடுப்பெரிந்தது. அப்புறம் அம்மா அரசுத் திட்டத்தில் பயிற்சி எடுத்து வேலைக்குப் போனார். அப்பாவின் வைத்தியத்தை வி.ஏ. பார்த்துக்கொண்டது. மரே கல்லூரிக் காலத்தில் இதே சியாட்டில் வி.ஏ.வின் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவர். 1995-ல் செனட்டின் முன்னாள் படைவீரர் விவகாரக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே.

ரசம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போன தோழிகளே, பாத்திரங்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

ஓட்டுநர் ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை வண்டியில் தானே ஆங்கிலத்தில் சொல்வதாக மகன் சொல்லியிருக்கிறான். நடுவில் வார்த்தை சிக்கும். அவர் காத்திருப்பார், அவருக்குப் பழக்கம்தான்.