வெட்டுவதென்றால் என் சொல்லை வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்பச் சமையல் குறிப்பு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். 100 சொற்களுக்குள் இருக்க வேண்டும், அளவெல்லாம் கிராமில் வேண்டும் என்றும் போட்டிருந்தது. சரி என்று அம்மாவின் பொம்பில் (மும்பைப் பக்கத்து மென்மையான மீன், 'பாம்பே டக்' என்பார்கள்) கருவாட்டுக் குழம்பை எழுத உட்கார்ந்தேன். எலுமிச்சை அளவு புளியைத் தராசில் வைத்தேன், 35 கிராம் காட்டியது. (எந்த ஊர் எலுமிச்சை என்று அம்மா சொன்னதேயில்லை.) எழுதி முடித்துப் படித்தால் ஒரு பிழையும் இல்லை. ஆனால் யார் வீட்டுக் குழம்போ போல இருந்தது.

அம்மா சொல்வது இப்படி: "குழாயில தண்ணி வார முன்ன புளிய ஊறப்போட்டுரு. கத்திரிக்கா வேகாம புளிய ஊத்தாதட்டி, காய் விறைச்சுக்கிடும். பொம்பில கடைசில போடு, போட்டபெறகு கிண்டாத, கரைஞ்சிரும்."

தாராவியில் குழாய்த் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். குடத்தோடு வரிசையில் நின்று திரும்பும்போது புளி ஊறியிருக்கும். அந்த முதல் வரியை எடுத்துவிட்டு 'புளியை அரை மணி நேரம் ஊறவைக்கவும்' என்று போட்டால் எங்கள் தெருவே போய்விடுகிறது.

பொம்பிலும் அப்படித்தான். ஆச்சி நெல்லையில் இதே குழம்பை நெத்திலிக் கருவாட்டில் வைத்தார். இங்கே வந்த அம்மாவுக்குக் கோலிவாடாவில், அதாவது மீனவர் குடியிருப்பில், மலிவாகக் கிடைத்தது பொம்பில். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மழை வேறு கொட்டும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் இந்தக் குழம்புதான். ஊருக்குப் போனால் "இது என்ன மீனு?" என்பார்கள். இங்குள்ள மராத்திக்காரர்களில் பலருக்கோ நாங்கள் ஊற்றும் புளி ஆகாது, அவர்கள் புளிப்புக்குக் கோகம் என்ற பழத்தின் காய்ந்த தோலைப் போடுகிறவர்கள். ஆக, இது எந்த ஊர்க் குழம்பு என்று கேட்டால் அம்மாவின் பேச்சைத்தான் காட்ட முடியும்.

கிராம் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாகச் சமைக்கும் என் மருமகளுக்கு அது உதவுகிறது. ஓரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். 160 சொல் வந்துவிட்டது. இடம் போதாமல் வெட்டுவதென்றால் நான் எழுதிய முன்னுரையை வெட்டுங்கள். "கிண்டாத, கரைஞ்சிரும்" மட்டும் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை