ஜூலை முதல் தேதி பதவியேற்கப் போகும் சேவைச் சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, வணக்கம்.

நான் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். உங்களைப் போன்ற சங்கங்கள் எங்கள் பள்ளிக்கு முன்பும் வந்து உதவியிருக்கின்றன, இனியும் வரும். அதற்கு முன்னால் சில விஷயங்களை மனம்விட்டுச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. விழா மேடையில் இதையெல்லாம் சொல்ல வழியில்லை. அங்கே எனக்கு ஒதுக்குவது நன்றியுரை மட்டும்தான்.

ரோட்டரியிலும் சரி, அரிமா (லயன்ஸ்) சங்கத்திலும் சரி, ஒரு தலைவரின் காலம் ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிந்துவிடுகிறது. அந்த ஓராண்டுக்குள் எதையாவது செய்து காட்டியாக வேண்டிய நெருக்கடி உங்களுக்கு. அதனால் எங்களுக்கு வந்து சேர்வதெல்லாம் ஒரே நாளில் ரிப்பன் வெட்டித் திறக்கக் கூடியவையாகவே இருக்கின்றன: வகுப்பறை, கணினி, கழிப்பறை, புத்தகப்பை. ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கி, ஒரு பத்தியைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ள இரண்டு மூன்று வருஷமாவது பிடிக்கும். அதற்குள் உங்கள் சங்கத்தில் மூன்று தலைவர்கள் மாறியிருப்பார்கள். எங்கள் சிக்கலெல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கழிப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கம் எங்களுக்கு நல்லதாகவே கட்டிக் கொடுத்தது. சுவரில் வெள்ளை ஓடு, வாசலில் கறுப்புக் கல்வெட்டு, அதில் தலைவர், செயலாளர், பொருளாளர், திட்டத் தலைவர் என்று வரிசையாகப் பெயர்கள். திறப்பு விழாவன்று தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. பிறகு மோட்டார் கருகிப்போனது. அதைச் சரிபார்க்கும் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது? கழுவுவதற்கு ஆள் யார்? சங்கத்தைக் கேட்கலாம் என்று போனால், அதற்குள் பொறுப்பாளர்கள் மாறிவிட்டார்கள். புதியவர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அது “போன வருஷத்துத் திட்டம்”. நாற்றம் பொறுக்காமல் கடைசியில் பூட்டிவிட்டோம். சாவி என் மேசை இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறார்கள். 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை, 50 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர்க் கழிப்பிடமும் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு வகுத்திருக்கிறது. காகிதத்தில் எங்கள் பள்ளி அந்த அளவுக்குத் தேறிவிடும்.

1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, 1907இல் கையிலெடுத்த முதல் பொதுப்பணியே அந்த நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்பதுதான். அதே இயக்கம் 1979இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கி, 1985இல் உலகளாவிய திட்டமாக்கி, இன்றுவரை விடாமல் செய்து வருகிறது. இடையில் எத்தனை தலைவர்கள் வந்து போனார்கள்! சொட்டு மருந்தை யாரும் போன வருஷத்துத் திட்டம் என்று ஒதுக்கவில்லை. அரிமாக்களும் அப்படித்தான். 1925இல் ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காக வந்து கேட்டுக்கொண்ட நாளிலிருந்து கண் நலத்தைக் கைவிடவில்லை. ஆக, நீண்ட காலம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. அதில் கொஞ்சம் எங்கள் பக்கமும் திரும்பட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பொருள்களைக் குவிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்குக் கென்யாவின் கிராமப் பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்து, பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் விளைவை அளந்து பார்த்தார்கள். பின்னாளில், 2019இல், பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். சராசரி மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகளில் பலருக்கு அது மூன்றாவது மொழி. நம் நாட்டில் மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வேறொன்றைச் செய்தது. அந்தந்தப் பகுதிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தது. மதிப்பெண்கள் ஏறின. அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய தொகைக்கு ரிப்பன் வெட்ட முடியாது, உண்மைதான்.

உறுப்பினர்களின் சந்தாவுக்கு எதையாவது காட்ட வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காட்டுங்கள். ஆண்டு தொடக்கத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, முடிவில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று உங்கள் உறுப்பினர்களே வந்து பார்த்து அறிக்கையில் எழுதலாம். கல்வெட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியே எடுத்து வைத்தால் போதும்.

கண் பரிசோதனை நடத்துகிறீர்களே, அது அருமையான காரியம். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியவன், கண்ணாடி போட்டதும் முன்னால் வந்து கை தூக்குவான். ஆனால் எட்டு வயதுப் பையன் மூக்கில் கண்ணாடி எத்தனை நாள் உடையாமல் இருக்கும்? உடைந்ததும் மாற்றிக் கொடுப்பதையும் திட்டத்தில் சேர்த்தால்தான் அது முழுமையாகும்.

ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவது அரசின் வேலை. அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் வழக்கறிஞரும் பொறியாளரும் மருத்துவரும் கையெழுத்திட்ட மனு ஒன்று போனால், அலுவலகத்தில் அதற்குக் கிடைக்கும் மரியாதையே வேறு. காசு செலவில்லாத உதவி இது. இதுவரை யாரும் செய்யக் காணோம்.

ஆகவே, என்ன தரலாம் என்று முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு சாதாரண வேலைநாளில் சொல்லாமல் கொள்ளாமல் வாருங்கள். கேமரா வேண்டாம். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்த வேண்டியிருக்காது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடவேளை கவனியுங்கள். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பை ஒரே அறையில் எப்படி நடத்துகிறார் என்று தெரியும். பிள்ளைகளிடமும் தாய்மார்களிடமும் கேளுங்கள், அவர்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

பிறகு ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுக்குச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஜூன் கடைசியில் பொறுப்பை ஒப்படைக்கும்போது, புதிய தலைவரின் கையில் எங்கள் பள்ளிக் கோப்பும் போகட்டும். மோட்டார் மெக்கானிக்கின் கைபேசி எண்ணை அதில் நானே எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்