அலைச் சத்தத்தை நிறுத்திவிடு, கண்ணு

கண்ணு,

நேற்று ராத்திரி உன்னோடு பேசி வைத்ததிலிருந்து தூக்கமே பிடிக்கவில்லை, அதான் விடிகாலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். பதற்றம் அடங்கட்டும் என்று தியான ஆப்பைப் போட்டிருக்கிறாய், அதில் ஒரு குரல் கண்ணை மூடச் சொல்லி, அமைதியான கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று அலைச் சத்தத்தை ஓடவிட்டதும் உனக்கு நெஞ்சடைத்து, கை சில்லிட்டு, ஹெட்போனைப் பிடுங்கி எறிந்திருக்கிறாய். "எனக்குத் தியானம்கூட வரலம்மா" என்று அழுதாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கு அலைச் சத்தம் எப்படியம்மா அமைதி தரும்? 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று உனக்கு ஆறு வயது. நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள், அதில் உன் அப்பாயியும் ஒருத்தி. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்பாய். ஆனால் பத்தாம் வகுப்பு வரை, மழை பலமாக அடித்தால் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் நீ படுப்பாய்.

எனக்கும் இதே நடந்தது. முகாமில் ஒரு அக்கா எங்களை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார், மூடிய நொடியே அந்தக் கடல் தண்ணீர் கண்ணுக்குள் ஏறி வந்தது, நான் எழுந்து ஓடிவிட்டேன். அவர் பின்னாலேயே வந்தார், திட்டவில்லை. கண்ணைத் திறந்தே வைங்க, குதிகாலைத் தரையில நல்லா அழுத்துங்க, சுத்தி என்ன தெரியுதோ ஒவ்வொண்ணா சொல்லுங்க என்றார். நீலத் தார்ப்பாய், பிளாஸ்டிக் குடம், கயிற்றில் காயும் யாரோ ஒரு பிள்ளையின் பாவாடை என்று சொல்லச் சொல்ல மூச்சு திரும்பியது. கண்ணை மூடி உட்காரப் பல மாதம் ஆனது. அப்புறம்தான் யோக நித்திரை பழகினேன், வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி உடம்பு முழுக்கக் கவனத்தை நகர்த்திக்கொண்டே போவார்களே, அது. இன்றைக்கும் அதைச் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

அதனால் இதை ஒரேயடியாக விட்டுவிடாதே. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வார தியான வகுப்பைப் பதற்ற நோய்க்குக் கொடுக்கும் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரையோடு ஒப்பிட்டு, 276 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது. ஆனால் அங்கே எதிரில் ஆசிரியர் இருந்தார், முடியவில்லை என்றால் அவரிடம் சொல்லலாம். ஆப்பிடம் யாரிடம் சொல்வாய்? அதோடு பதற்றம் வேறு, நம்முடையது போல மனசில் விழுந்த அடி வேறு. மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் நீயாக நிறுத்தவே கூடாது, சரியா?

பின்னணிச் சத்தம் எதுவும் இல்லாத பதிவாகப் பார்த்து எடு. முதுகு சுவரில் சாய்ந்திருக்கட்டும், கண் ஜன்னலைப் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் போதும். இழுப்பதைவிட விடும் மூச்சைக் கொஞ்சம் நீட்டமாக விடு, மூச்சைக் கவனித்தாலே முட்டுகிறது என்றால் அதை விட்டுவிட்டு உள்ளங்கையைக் கவனி. அந்தக் குரல் சொல்வதெல்லாம் கட்டளை இல்லை கண்ணு, பிடிக்காவிட்டால் பாதியிலேயே நிறுத்து, அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

இதற்கும் அடங்காமல் கனவும் திடுக்கிடலும் தொடர்ந்தால் நிமான்ஸ் மனநல மருத்துவமனை உன் பெங்களூரிலேயே இருக்கிறது, போய்ப் பார். நான் பஸ் ஏறி வருகிறேன், சேர்ந்தே போவோம். நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் எனக்கு போன் அடி, இல்லை 14416-க்கு அடி, டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரலிலிருந்து நானே மெதுவாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், கடல் எங்கேயும் வராது. நடுவில் ஒரு விசில் கேட்கும், பயந்துவிடாதே, நம் வீட்டுக் குக்கர்தான்.

அம்மா