மைப்படி எடுத்த வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2025 மே முதல் அக்டோபர் வரை நடைபெற்ற கொரியச் சிற்பி டோ ஹோ சுவின் தனிக் கண்காட்சியைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். ஒளி ஊடுருவும் துணியில் தைத்த அறைகளைப் பற்றிக் கட்டுரையாளர் மனம் தோய்ந்து எழுதியிருக்கிறார். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவற்றினூடே நானும் நடந்தேன், அந்த வியப்பில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அங்கிருந்த காகித வீட்டை, 'பென்சிலால் தேய்த்து எடுத்த நகல்' என்று ஒரே வரியில் அவர் கடந்துவிட்டதை ஏற்க இயலவில்லை.

'நகல்' என்ற சொல்தான் உறுத்துகிறது. கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுகளை மைப்படி எடுத்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். நனைத்த தாளைக் கல்லின் மேல் விரித்து, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, அதன்மேல் மை ஒற்றும்போது, வெறும் கண்ணுக்குத் தப்பிய உளிக்குறியும் தாளில் வந்து நிற்கும். சு கையாண்டது கிராஃபைட்டால், அதாவது பென்சில் கரியால், தேய்க்கும் முறை. 1970களில் அவருடைய தந்தை, மை ஓவியர் சு செ-ஒக், அரண்மனை வளாகத்து வீடொன்றை முன்மாதிரியாகக் கொண்டு சியோலில் கட்டிய மரபு வீட்டை முழுவதுமாக முசுக்கட்டைத் தாளால் போர்த்தி, அங்குலம் அங்குலமாகத் தேய்த்தெடுத்திருக்கிறார். 2013-இல் தொடங்கிய பணி 2022-இல் நிறைவுற்றது. தூண் ஒன்றின் அருகே சென்று பார்த்தேன். மரத்தின் ரேகை தெளிவாக விழுந்திருந்தது. தாள் மடிந்த இடத்தில் கரி சற்றுக் கூடுதலாகப் படிந்திருந்தது. எங்கள் துறையில் அதைப் பிழை என்போம், அங்கே அது கை பட்டதற்குச் சாட்சியாக இருந்தது. தேய்த்தலையும் நேசித்தலையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கொரிய எழுத்தில் ஒரே மாதிரித்தான் எழுத முடியும் என்பதால், இத்தொடருக்கு அவர் 'ரப்பிங்/லவ்விங்' என்று இரண்டையும் சேர்த்தே பெயரிட்டார்.

சு சிற்பம் பயிலும் முன் சியோலில் மரபான கீழை ஓவியம் கற்றவர். தாளும் கரியும் அவருக்குத் துணிக்கு முந்தைய உறவு. துணி வீடுகளை மட்டும் பார்த்து 'ஊர் ஏக்கம்' என்று கட்டுரையாளர் முடிவுகட்டுவது இதனால்தான் போதாது.

'வாக் த ஹவுஸ்' (Walk the House) என்ற கண்காட்சித் தலைப்பை 'வீட்டுக்குள் நட' என்று பெயர்த்திருப்பதும் பிழை. மரபு வீடுகளைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் பூட்டும் கொரியத் தச்சர்களின் வழக்கிலிருந்து வந்த தொடர் அது, நடப்பது வீடு. ('வீட்டை நடத்து' என்றால் நம் வாசகர்கள் மளிகைக் கணக்கை நினைப்பார்கள் என்ற சங்கடம் எனக்கும் புரிகிறது.)

குவாங்ஜு நகரத் திரையரங்கு ஊழியர் குடியிருப்பில் அவர் 2012-இல் தேய்த்தெடுத்த படிகளும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. 1980 மே மாதம் அந்நகரில் மக்கள் எழுச்சியை இராணுவம் சுட்டு அடக்கியது. செய்தி வெளியே போகாதபடி அரசு தணிக்கை செய்தது. அந்த மறைப்பை உணர்த்தவே சுவும் உதவியாளர்களும் கண்களைக் கட்டிக்கொண்டு, விரலால் தடவிச் சுவரை அறிந்தே அந்தப் படிகளை எடுத்தார்கள். கோடுகள் சில இடங்களில் சுவரை விட்டு விலகித் தடுமாறுகின்றன. அவற்றின் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன். இரண்டு பக்கக் கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இங்ஙனம்,
கல்வெட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
கும்பகோணம்.