இளைத்துவிட்டார் என்று மெச்சும் முன்

ஆசிரியருக்கு வணக்கம். உடல் பருமன் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த தலையங்கம் தேவையான ஒன்று. ஆனால் எடை கூடுவதற்கெல்லாம் சாப்பாட்டையும் சோம்பலையும் மட்டுமே குறை சொல்லிவிட முடியாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் எடுத்தாலும் உடம்பு போடும். கால் வீக்கத்தோடு சில நாட்களிலேயே எடை ஏறினால், இதயமோ சிறுநீரகமோ பழுதாகி உடலில் நீர் தேங்கியிருக்கலாம். எடை குறைவதையோ யாரும் நோயாகவே பார்ப்பதில்லை. முயற்சி எதுவும் இல்லாமல் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோவுக்கு மேல் குறைந்தால், சர்க்கரை நோய், காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, புற்றுநோய் என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தேவகோட்டையில் எங்கள் வீதி ஆச்சி ஒருவர் ரவிக்கையைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்; வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கல்யாண வீடுகளில் "நல்லா இளைச்சிட்டீக ஆச்சி" என்று எல்லோரும் மெச்சினார்கள். அப்புறம்தான் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எடையையும் பார்த்து அட்டையில் எழுதச் செய்ய வேண்டும். முந்தைய எடையோடு பெரிய வித்தியாசம் தெரிந்தால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடலாம்.

— வாசகர், தேவகோட்டை