மன்னார்குடி சாலையில் பேலரைச் சரிசெய்து தந்த அண்ணனுக்கு நன்றி

சம்பா அறுத்து வைக்கோல் காய்ந்து கிடக்கிறது, வானம் வேறு மூட்டம் போடுகிறது. அந்த நேரத்தில் வைக்கோலைக் கட்டுகளாகக் கட்டும் எங்கள் பழைய பேலர் மக்கர் செய்தது. டிராக்டரிலிருந்து பேலரை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு சுற்றும், 'டக் டக்' என்று சத்தம் வரும், பாரம் ஏறியதும் பேலரின் கனமான சக்கரமான ஃபிளைவீல் நின்றுவிடும்.

வழியில் போன நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் வழுக்கிவிடும் ஓவர்ரன்னிங் கிளட்சைப் பிரித்தீர்கள். உள்ளே கிரீஸ் தார் போல இறுகியிருந்தது. பல்லில் பிடிக்கும் நாக்குகள் முனை மழுங்கிக் கிடந்தன, ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது.

"பேசாமல் இதை அசையாதபடி வெல்டு வைத்துவிடலாமா?" என்றேன். "வேண்டாம் தம்பி. அப்புறம் நீ டிராக்டர் கிளட்சை மிதித்தாலும் ஃபிளைவீலின் வேகம் டிராக்டரையே முன்னால் தள்ளும்" என்று தடுத்தீர்கள். அதற்குத்தான் முதல் நன்றி. அப்போது வரப்போரம் என் மகன் நின்றுகொண்டிருந்தான்.

அப்புறம் டவுனுக்கு என்னோடு வந்து புது நாக்குகளும் ஸ்பிரிங்கும் பார்த்து வாங்கி, திசை மாறாமல் பொருத்தினீர்கள். ஃபிளைவீலைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் பி.டி.ஓ. பக்கத்து ஷாஃப்ட் சும்மா நிற்க வேண்டும், பின்னோக்கிச் சுற்றினால் கூடவே வர வேண்டும் என்று சோதிக்கவும் கற்றுத்தந்தீர்கள்.

கூலி வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. மழைக்கு முன்பே கட்டுகள் எல்லாம் கொட்டகைக்கு வந்துவிட்டன, அண்ணே.