‘நல்ல நிலை’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

துப்பாக்கி அனுமதிப்பத்திரங்களை டிசம்பர் 31க்குள் புதுப்பிக்குமாறு தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். அதே இதழின் வரி விளம்பரங்களில், ‘12 போர்’ (குழலின் விட்ட அளவு) துவக்கு ஒன்றுக்கு ‘நல்ல நிலை’ என்று ஒரு வரி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பன்றியிடமிருந்து வேளாண்மையைக் காக்க அனுமதியுடன் துவக்கு வைத்திருக்கும் எங்களுக்கு அது போதாது. ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா, எந்த நாட்டுத் தயாரிப்பு, பிடி மாற்றப்பட்டதா என்பவை தெரிய வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் தோட்டா அறையின், அதாவது குழலில் தோட்டா அமரும் பகுதியின், நீளம். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் அது 2½ அங்குலம்; இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாவோ 2¾. சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் அந்தத் தோட்டா உள்ளே இலகுவாக நுழைந்துவிடும், ஆளும் ஏமாந்துவிடுவார். சுடும்போது அதன் வாய் விரிய இடமிருக்காது. குழலுக்குள் அழுத்தம் எகிறும்.

‘நல்ல நிலை’ என்றதை நம்பி மாமாவோடு ஒரு துவக்கைப் பார்க்கப் போயிருந்தேன். பிடியில் புது வார்னிஷ் மணத்தது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மினுங்க வேண்டிய உட்புறம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலக் கிடந்தது. பேசாமல் திரும்பிவிட்டோம், பஸ் காசுதான் நட்டம்.

இத்தகைய விளம்பரத்தை ஏற்குமுன் நடப்பாண்டு அனுமதிப்பத்திரத்தைத் தாங்கள் கேட்டுப் பார்க்கலாம். தோட்டா அறையின் நீளமும் உட்குழலின் நிலையும் இல்லாத விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள். வீட்டு முகவரியை மட்டும் அச்சிட வேண்டாம். கள்வனும் பத்திரிகை வாசிக்கிறான்.

விவசாயி ஒருவர்,
வெல்லாவெளி.